கழுத்துக்குக் காத்து ஆகாது

அந்த பஸ் ஜன்னக் கண்ணாடியைச் சித்தே இழுத்து உடுங்க தம்பி. இன்னங் கொஞ்சம். போதும், போதும். இந்தக் காத்து என்ற கழுத்துல படக்கூடாதாமுங்க. நான் சொல்லலை, பொள்ளாச்சியில எண்ணெய் தேச்சு உருவி உடற எடத்துல சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. காத்து ஆகாது, வெய்யல் ஆகாது, பச்சத் தண்ணி ஆகாது, பலகாரம் ஆகாது. மூச்சு உடலாம், அது ஒன்னுக்குத்தான் அனுமதி. தலையில இந்தத் துண்டைக் கட்டி உட்டதுகூட அவதான். பாத்துச் சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க. உங்க பக்கம் திரும்பிப் பேசலைன்னு மட்டும் தப்பா நெனைக்காதீங்க. கழுத்து இன்னம் முழுசாத் திரும்ப மாட்டீங்குது.

அவளா? என்ற சம்சாரமுங்க, மயிலாத்தா. முன்னால பொம்பளைங்க சீட்டுல, பச்சச் சீலை. ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற ஆருன்னே தெரியாத பொம்பளைகிட்ட நாயம் பேசிச் சிரிச்சுக்கிட்டு வாரா பாருங்க, அவதான். அவளுக்கு வைத்தியம் முடிஞ்சுபோச்சு. அவளுக்குக் காத்து ஆகும்.

நமக்குச் சுல்தான்பேட்டையில கோழித் தீவனக் கடைங்க. திருமலைச்சாமின்னா அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். இப்ப வேற பேரும் வெச்சிருக்கறானுக. அதுக்கு அப்பறம் வாரேன். இது பல்லடம் பஸ்ஸு, நான் எறங்கற வரைக்கும் நீங்க இருக்கறீங்கல்ல? கேளுங்க. இவளுக்கு இந்த மசாஜுப் பித்து புடிச்சு நான் பட்ட பாட்டை ஆருகிட்டயாச்சும் சொல்லோணும். ஊருக்குள்ள சொன்னா அவளுக்குத்தான் நாயம் சொல்றாங்க.

தை மாசத்துல ஆரம்பிச்சுது. சோத்துக் கை மேல தூக்க முடியலைன்னா. தலை சீவறப்ப சீப்பு காதுக்கிட்ட நின்னு போயிருமாம். கொண்டை போட முடியலை, சாக்கெட்டுக் கையை மாட்ட முடியலைன்னு ஒரே பொலம்பல். எதுக்குங்க வலிக்கோணும்? என்ன பெரிய வேலை அவளுக்கு? வெடியால எந்திரிச்சு மாட்டுல பால் பீச்சுவா. கட்டுத்தாரையைக் கூட்டி அள்ளுவா. சோறாக்கி எனக்குப் போசியில போட்டுக் கட்டிக்கிட்டுக் கடைக்கு வருவா. வந்தவ சும்மா இருக்கறதுக்கு ரெண்டு மூட்டையைத் தள்ளிக் குடுப்பா. ஆளு வெச்சா ஏமாத்தறாங்க பாருங்க, அதுக்காக. பொழுதோட போயி மறுக்காப் பால் பீச்சுவா. மத்தபடி ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறா.

டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். படம் புடிச்சான். தோள்பட்டை இறுகிப் போச்சு, எண்ணெய் வெச்சு உருவி உட்டு, கொஞ்ச நாளைக்குக் கைக்கு ஓய்வு குடுங்கன்னு மாத்திரை எழுதினான். மாத்திரையை மட்டும் வாங்கிக்கிட்டு வந்தேன். அதோட உட்டிருந்தாத் தானாச் சரியாயிருக்கும். எம் புள்ளை மேகலா கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. அவ காதுக்கு இது எப்படியோ போயிருச்சு. போன்லயே பொள்ளாச்சியில நாள் குறிச்சுப்போட்டா. அப்பாயின்மென்டாம். எண்ணெய் தேய்க்கறதுக்கு எதுக்குங்க அப்பாயின்மென்டு? தலையில எண்ணெய் வெக்கறதுக்கு நாம ஆருகிட்டயாச்சும் நாள் கேட்டிருக்கறமா?

அதுக்கு அவ சொன்ன பத்தியம் இருக்குதே, மலைக்கு மாலை போட்டவனுக்குக்கூட அத்தனை இல்லை. மொதல் நாள் ரவைக்குக் கஞ்சி குடிச்சுட்டு நேரத்துல படுத்துக்கோணும். வெடியால வவுறு நெறைய உங்கக்கூடாது, பட்டினியாவும் போகக்கூடாது. பழைய நூல் சீலை, லூசான சாக்கெட்டு. பவுடர் பூசக்கூடாது. ஓடிப்போயி நிக்கக்கூடாது, முன்னாலயே போயி உக்காந்து மூச்சு அடங்கோணும். ஒடம்புல எங்கெங்க என்ன நோவுன்னு ஒளிக்காமச் சொல்லிரோணும். இவ்வளவும் போன்ல. இவளும் பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட ஊம் கொட்டிக்கிட்டு நிக்கறா. படுத்துக்கறதுக்கு இத்தனை தயார் பண்ணிக்கிட்டுப் போற ஒரு கூட்டத்தை நான் எங்கயும் பாத்ததில்லை.

அங்க போனா, ஒரு வெளக்கு, ஒரு ஊதுவத்தி, எல்லாரும் குசுகுசுன்னு பேசறாங்க. எழவு ஊட்டுலகூட இதைவிடச் சத்தமாப் பேசுவாங்க. வரிசையா உக்காந்திருந்தவங்க எல்லாம் நல்லாத் தின்னு கொழுத்த ஆளுக. ஒருத்தனுக்கு இடுப்பாம், ஒருத்திக்கு மண்டையிடியாம். காட்டுல ரெண்டு சால் ஓட்டுனா எல்லாம் போயிரும். ஷைனின்னு ஒரு பாலக்காட்டுப் புள்ளை வந்துச்சு. நல்லாத் தமிழ் பேசுது. எங்க வலிக்குதுன்னு கேட்டுச்சு. தோள்பட்டைன்னு நான் சொன்னேன்.

"சார், அவங்க சொல்லட்டும்" அப்படீங்குது.

இவ சொன்னா பாருங்க. தோள்பட்டையில ஆரம்பிச்சு, நடு முதுகு, இடுப்பு, ரவைக்குக் கை மரத்துப்போயி எந்திரிச்சு உக்காந்துக்கறது, குனிஞ்சு பால் பீச்சறப்பக் கண்ணு இருட்டறதுன்னு நிறுத்தாமச் சொல்லிக்கிட்டே போறா. அதுல பாதி நான் கேள்விப்பட்டதே இல்லீங்க. கட்டுன புருசன்கிட்டச் சொல்லாத நோவு என்ன நோவு? அந்தப் புள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கவும் இவளுக்குக் குஷி. வேற என்ன.

அப்பறந்தான் வெனை. வளையலைக் கழட்டச் சொல்லுச்சு, கழட்டுனா. தோட்டைக் கழட்டச் சொல்லுச்சு, கழட்டுனா. தாலிக்கொடியையும் கழட்டச் சொல்லுச்சு.

நான் குறுக்க போனேன். "அதெல்லாம் கழட்ட முடியாதும்மா. வேற ஆளைப் பாரு."

"கழுத்துல பாரம் இருந்தா நான் தோள்ல கை வெக்க முடியாது சார். வைத்தியம் முடியற வரைக்கும் இந்தக் கனம் வேண்டாம். இல்லைன்னா காலுக்கு மட்டும் தேச்சு அனுப்பிடறேன்."

கனமாம். நம்ம பக்கம் சனங்களாட்டக் கயிறு கணக்கா இல்லாம, நான் பாத்துப் பாத்துக் கெட்டியாப் பவுன்ல செஞ்சு போட்ட கொடிங்க அது. மேகலா கண்ணாலத்தப்ப இன்னங் கொஞ்சம் சேத்து அழிச்சுச் செஞ்சேன். மண்டபத்துக்குள்ள அவ நடந்து வந்தா நாலு பேரு திரும்பிப் பாக்கோணும், அதுக்காக. அதைப் போயி பாரங்குது அந்தப் புள்ளை.

மயிலா என்னைப் பாத்தா. வேண்டாம்னு நான் தலையை ஆட்டுனேன். அவ எடது கையில தானாவே கழட்டி என்ற கையில வெச்சுட்டு உள்ள போயிட்டா. கொடி சூடா இருந்துதுங்க. கழுத்துச் சூடு.

கொடியைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டா சட்டை ஒரு பக்கமா இழுக்குது. பஸ்ஸுல எவனாவது அடிச்சுட்டுப் போயிட்டா? ஊட்டுக்குப் போயி பீரோவுல வெக்கலாமுன்னா, தாலியைக் கழட்டிப் பீரோவுல பூட்டறது ஆகாது. அது ஆரு கழுத்துலயாச்சும் கெடக்கோணும். ரோசனை பண்ணுனேன். பாத்ரூமுக்குப் போயி என்ற கழுத்துலயே மாட்டிக்கிட்டு, பனியனுக்குள்ள உட்டுக்கிட்டேன். ஏனுங்க, ஆம்பளைங்க செயின் போடறதில்லையா?

அவ வெளிய வந்தா. மூஞ்சியெல்லாம் எண்ணெய், கண்ணு பாதி மூடியிருக்குது, குளிப்பாட்டித் தொட்டல்ல போட்ட கொழந்தையாட்ட ஒரு சிரிப்பு. போலாமான்னேன். "சித்தே இருங்க" அப்படீன்னு உக்காந்துட்டா. என்னைக் காத்திருக்கச் சொல்றா, கேட்டுக்குங்க. உக்காந்து சுடு தண்ணியை ஒவ்வொரு மொடக்கா ரசிச்சு ரசிச்சுக் குடிக்கறா. தண்ணியில என்னங்க ருசி?

அப்பறம் அந்தப் புள்ளை வந்து அடுத்த பத்தியத்தை எங்கிட்டச் சொல்லுது. எண்ணெய் ஒடம்புல ஊறோணும், ஒடனே குளிக்கக்கூடாது, அப்பறம் குளிச்சாலும் வெந்நிதான். நெறையாத் தண்ணி குடிக்கோணும். இன்னைக்குப் பூரா படுத்திருக்கோணும். மூட்டை முடிச்சு தூக்கக்கூடாது. சத்தம், சண்டை, கோவம் எதுவும் ஆகாது.

"நீங்க இன்னிக்கு அவங்களுக்கு வேலை சொல்லாதீங்க சார்."

நான் எப்பங்க வேலை சொன்னேன்? அவளே செய்யறா. இவங்க எல்லாம் ஒரு முடிவு பண்ணி வெச்சிருக்காங்க, புருசன்னா வேலை வாங்கறவன்னு.

அதுக்கப்பறம் ஒரு நாள் உட்டு ஒரு நாள் போனமுங்க. மேகலா சொன்ன பத்தியம் ஒன்னு தப்பாம நடந்துச்சு. ஆரு பால் பீச்சறது? நான்தான். அந்த மாட்டுக்கு அவ கொரல் கேட்டாத்தான் பால் எறங்குமாம். என்னைக் கண்டா கால் வீசுது. மாட்டுக்குக்கூட எடங்குடுத்து வெச்சிருக்கறா. ஓட்டல்ல இட்லி வாங்கிக்கிட்டு வருவேன். அவ கட்டல்ல மல்லாந்து படுத்துக்கிட்டு, மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருப்பா. பொழுது இருக்கையில அவ படுத்து நான் பாத்ததில்லைங்க. மொத நாளு உள்ள போனவன், அவ மூக்குல கை வெச்சுப் பாத்தேன். தூங்கிக்கிட்டு இருந்தா. அவ்வளவுதான். வேலை இல்லாதவளுக்குத் தூக்கத்துக்கு என்ன கொறை.

எந்திரிச்சவ, "கொடி பத்திரமா இருக்குதுங்களா?"ன்னா.

"கழுத்துல கெடக்குது."

"ஆரு கழுத்துல?"

சட்டையைத் தொறந்து காட்டுனேன். தம்பி, அவ சிரிச்சா பாருங்க. தோளு வலிக்குது, ஐயோ வலிக்குதுன்னு புடிச்சுக்கிட்டே சிரிக்கறா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுட்டு, "கனமா இல்லீங்களா?"ன்னு கேட்டா.

"இதென்ன கனம்? இருக்கறதே தெரியலை. இதைப் போட்டுக்கிட்டுக் கழுத்து வலிக்குதுங்கறவளை எங்க கொண்டுபோயி உடறது? நானெல்லாம் வருசக்கணக்காப் போட்டுக்குவேன்" அப்படீன்னேன். சொன்னதுல என்னங்க தப்பு? உள்ளதைத்தான் சொன்னேன்.

அப்படியே போயிருந்தா ஒன்னுமில்லை. எங்கக்கா தெய்வாத்தா வந்தாங்க. செஞ்சேரிமலையில குடுத்திருக்குதுங்க. பேரன் காது குத்துக்குச் சொல்ல வந்தவங்க, நேரா ஊட்டுக்குள்ள போயிருக்காங்க. அங்க இவ தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு, நெத்தியில பொட்டு எண்ணெயில அழிஞ்சுபோயி, கழுத்து மொட்டையா, கட்டல்ல படுத்திருக்கறா. அக்கா நெலவுப்படியிலயே உக்காந்துட்டாங்களாம். எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு. இவ எந்திரிச்சு வெவரம் சொல்லியிருக்கலாமில்ல? சொன்னாளாம். மெதுவாச் சொன்னாளாம். சத்தமாப் பேசக்கூடாது பாருங்க இவ. அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அக்கா நேராக் கடைக்கு வந்துட்டாங்க. கடையில அப்பத்தான் கோழிப்பண்ணைக்காரங்க நாலஞ்சு பேரு தீவனம் ஏத்திக்கிட்டு இருக்கறாங்க. என்னைப் பாத்ததும் அக்காவுக்கு உசிரு வந்துச்சு. வந்த உசிரோட கேட்டாங்க.

"ஏன்டா சாமி, நீ குத்துக்கல்லாட்ட இருக்கையில அவ கழுத்து எதுக்கு மொட்டையாக் கெடக்குது? கொடி எங்க?"

"வைத்தியத்துக்காவக் கழட்டியிருக்குது அக்கா. உள்ள வாங்க, சொல்றேன்."

"வைத்தியத்துக்காவக் கழட்டுனியா? அடகு வெச்சுட்டியா சாமி?"

மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தவங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. அத்தனை பேரும் எங்கிட்டக் கடனுக்குத் தீவனம் எடுக்கறவனுக. அவனுக முன்னால அடகுங்கற வார்த்தை. நான் என்ன பண்ணுவேன் தம்பி? சட்டைப் பொத்தானைக் கழட்டி, பனியனுக்குள்ள கை உட்டு, எடுத்துக் காட்டுனேன். இங்க இருக்குதுன்னு.

மொதல்ல அந்தக் காமநாயக்கன்பாளையத்துப் பண்ணைக்காரன்தான் கேட்டான். "ஏனுங்ணா, அப்ப உங்களுக்குத் தாலி கட்டுனது ஆருங்க?"

அன்னைக்கு வெச்சானுக பேரு. கடைக்குள்ள வாரப்பவே, "சுமங்கலி அண்ணன் இருக்கறாருங்களா?"ங்கறானுக. இத்தனை நாளாக் கட்டிக்காத்த மரியாதை, ஒரு பாட்டல் எண்ணெயில போச்சு.

அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஒரு மஞ்சக் கயித்துலயாச்சும் கோத்து அவ கழுத்துல போடக்கூடாதாடா?"ன்னாங்க.

"தீவனக்கடைக்காரன் சம்சாரம் கயிறு போட்டா, கொடி அடகுலன்னு ஊரு சொல்லும் அக்கா."

"இப்ப மட்டும் ஊரு வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்குது?" அப்படீன்னுட்டுக் காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க.

நான் கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போனேன். இன்னைக்கு ரெண்டுல ஒன்னு பாத்தறதுன்னு. "எந்திரி. இதைப் போடு. வைத்தியம் பண்ணுனது போதும்"னு கத்துனேன். அவ படுத்த வாக்குலயே சொல்றா, "சத்தம் போடாதீங்க. கோவம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"அது உனக்குத்தான். இப்பக் கோவப்படறது நான்."

"கேக்கறது நான்தானுங்களே."

இந்தப் பேச்செல்லாம் முன்னால இல்லீங்க. எண்ணெய் ஒடம்புக்குள்ள போகப்போகத்தான் வருது. அப்பறம் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, நல்லாத் தன்மையாக் கேக்கறா. "கனமா இருந்தாச் சொல்லுங்க. கழுத்து வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே வாங்கிப் போட்டுக்கறேன். நான் போட்டுப் பழகுனவதானே."

நான் எப்படிச் சொல்லுவேன்? "கனமெல்லாம் ஒன்னும் இல்லை"ன்னேன்.

"அப்பக் கெடக்கட்டுமுங்க."

திரும்பிப் படுத்துக்கிட்டா. வலது பக்கமா. அந்தப் பக்கம் படுக்க முடியாமத்தான் அத்தனை நாளாப் பொலம்பிக்கிட்டு இருந்தா. அப்பவே சரியாயிருச்சு போல. நான் கவனிக்கலை, எனக்கு இருந்த எரிச்சல்ல.

சரி, என்ற கழுத்துக்கு வாரேன். இது கொடியில வந்ததில்லீங்க, மொதல்லயே சொல்லீர்றேன். டாக்டர் கேட்டான், அந்தப் புள்ளை கேட்டுச்சு, அவ கேக்காமச் சிரிச்சா. கொடியில வந்ததில்லை. பால் பீச்சறதுக்குக் குனிஞ்சு உக்காந்தது ஒன்னு. அவ வராததுனால மூட்டையை நானே பொரட்டுனது ஒன்னு. தலகாணி சரியில்லை. போன வாரம் ஒரு நா வெடியால எந்திரிக்கறேன், தலை எடது பக்கமாவே நின்னுபோச்சு. கொடி பட்ட எடத்துல வரிவரியாத் தடிச்சிருந்துது, அது வேர்க்குரு.

மயிலாவுக்கு ஒரே கொண்டாட்டம். என்னை அனுப்பறதுக்கு அவ தயார் பண்ணுன அழகைப் பாத்திருக்கோணும் நீங்க. நேத்து ரவைக்குக் கஞ்சி. எட்டு மணிக்கு டிவியை அமத்திப்போட்டா. இன்னைக்கு ரெண்டே ரெண்டு இட்லி. மூணாவதுக்குத் தட்டை நீட்டுனா, தட்டை வாங்கிக் கழுவி வெச்சுட்டா. வேட்டி எதுக்கு, இந்தப் பழைய லுங்கி போதும், அங்க கழட்டத்தானே போறீங்கங்கறா. இந்தக் கோலத்துல என்னைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனா.

அந்தப் புள்ளை ஷைனி கேட்டுச்சு, எங்கெல்லாம் வலிக்குதுன்னு. இவ பக்கத்துல வாயத் தொறக்காம உக்காந்திருக்கறா. கழுத்துன்னேன். வேறன்னு கேட்டுச்சு. வேற ஒன்னுமில்லைன்னேன். அது போகாம அங்கயே நிக்குது. சும்மா நிக்கறவங்களை வெச்சுக்கிட்டு எத்தனை நேரம் பேசாம இருக்கறது? முட்டின்னேன். நெஞ்சு எரிச்சல். ரவைக்கு ரெண்டு மணிக்கு முழிச்சாக்காத் தூக்கம் வராது, அவ தூங்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், அதைச் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. சரி, காசு குடுக்கறோம், சொல்லி வெப்போம்னு. இவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் பாக்கலை. கழுத்துத் திரும்பாதே.

ஆம்பளைங்களுக்கு ஆம்பளை ஆளுதானுங்க. ஒரு தடியன். பரோட்டா மாவு பெசையறவனாட்ட இருந்தான். மேசையில படுக்க வெச்சு என்னமோ பண்ணுனான். பெருசா ஒன்னுமில்லை. நான் கொறட்டை உட்டதாச் சொன்னான். கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். அவன் சொல்றது பொய்.

உள்ள போறதுக்கு முன்னால கொடியைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டி இவ கையில குடுத்தேன். இப்பவாச்சும் வாங்குனதும் கழுத்துல போட்டுக்குவான்னு பாத்தேன். பைக்குள்ள வெச்சுக்கிட்டா.

இப்பத்தான், பஸ் ஏறறதுக்குச் சித்தே முன்னால நடந்துது தம்பி. பஸ் ஸ்டாண்டு, அத்தனை சனம். நான் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, சுடு தண்ணி பாட்டலைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ பையைத் தொறந்து ஒரு பொட்டணத்தை எடுக்கறா. நான் உள்ள படுத்திருந்தப்ப எதுத்தாப்புல கடையில போயி வாங்கியிருக்கறா. மஞ்சக் கயிறு. தாலியைக் கொடியிலிருந்து உருவி அதுல கோத்து வெச்சிருக்கறா.

"இதென்ன கூத்து? கொடி?"ன்னேன்.

"கொடி பைக்குள்ள இருக்குதுங்க. மேகலா வந்தாக் குடுத்தர்லாம், இல்லை நீங்களே போட்டுக்கறதுன்னாலும் போட்டுக்குங்க. எனக்கு இது போதும்."

சொல்லிக்கிட்டே ரெண்டு கையையும் தூக்கறா. தை மாசத்துலருந்து காதுக்கு மேல போகாத கை. அது பாட்டுக்கு மேல போகுது, தோளைத் தாண்டிப் பின்னால போகுது, கொண்டைக்குக் கீழ போயி நிக்குது. கண்ணாடி இல்லை, ஒன்னுமில்லை. வெரலாலயே தடவிப் பாத்து முடிச்சுப் போடறா. ஒன்னு, இழுத்துப் பாத்துட்டு இன்னொன்னு, அப்பறம் மூணாவது. போட்டுட்டுச் சீலை முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, பல்லடம் பஸ் வந்துருச்சுன்னு முன்னால ஓடிப்போயி ஏறிக்கிட்டா.

இதைத்தான் உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். கட்டுனவன் நான் பக்கத்துல நிக்கறேன். முழுசா ஒரு ஆளு நிக்கறேன். ஏனுங்க, இந்த முடிச்சைப் போட்டு உடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, லுங்கியோட, இந்தக் கயித்தை நான் கட்டறதான்னு கேட்டிருப்பேன். அது வேற.

ஆனாலும் அவ ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமில்லீங்களா?